காலிப் பெட்டி வாசல்

எருமைகளை விற்பதற்காக நான் அலுவலகத்துக்கு லீவு போட்ட நாளில்தான் அந்த மழை வந்தது.

எங்கள் வீடு மாத்தூரைத் தாண்டி, ஏரிக்குக் கீழே இருக்கிறது. வாசலில் நின்றாலே மணலிப் பக்கத்துப் புகைபோக்கிகள் தெரியும். ஆனாலும் அங்கிருக்கும் நாற்பது வீட்டுக்காரர்களும் அதை ஊர் என்றுதான் சொல்வோம். சுற்றிலும் ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலம். இப்போது பாதி தரிசு. மீதி மண் கொட்டி மேடாக்கிய கண்டெய்னர் யார்டு. இரண்டுக்கும் நடுவில் எங்கள் வீடும் அண்ணியின் எருமைக் கொட்டகையும்.

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. மீஞ்சூர் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புருஷன் இன்னொருத்தியோடு போனபோது ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்களாம். நகையைக் கேட்பாள், பாத்திரத்தைக் கேட்பாள் என்று எல்லோரும் நினைத்திருக்க, தான் தவிடு வைத்து வளர்த்த இரண்டு எருமைகளைக் கேட்டிருக்கிறாள். கொடுத்தார்கள். அங்கிருந்து லாரி ரோடு வழியாக ஒரு பகல் முழுக்க நடந்தே ஓட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். நான் மருமகளாகப் போனபோது அந்த இரண்டு ஆறாகியிருந்தது. கெட்டியாக வரும் அந்தப் பாலுக்காகவே டிரெய்லர் ஓட்டுநர்கள் லாரி ரோட்டு டீக்கடையில் வண்டியை நிறுத்துவார்கள்.

நான் ராயபுரத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிறந்தவள். வேலையும் அங்கேதான், கப்பலில் வந்து போகும் சரக்குக்குக் கஸ்டம்ஸ் காகிதம் தயார் செய்யும் ஒரு சின்ன அலுவலகத்தில். காலையில் ஷேர் ஆட்டோவில் திருவொற்றியூர் ஸ்டேஷன், அங்கிருந்து மின்ரயில். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைச் சுருக்கினால் உடனே என் புடவையை முகர்ந்து பார்த்துக்கொள்வேன். மீன் வாசனையில் வளர்ந்தவள் நான். அதற்கு ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. சாணி வாசனைக்கு வெட்கப்பட்டேன். ஏன் என்று கேட்டால் இப்போதும் சொல்லத் தெரியாது. எருமைகளைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் இரண்டு அறை கட்டலாம் என்று கணவரிடம் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவர் ஒரு தரகரை வரச்சொல்லிவிட்டுத் துறைமுகத்துக்கு ஷிப்டுக்குப் போய்விட்டார். பேச வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது.

தரகர் காலை பத்து மணிக்கு வந்தார். கொட்டகைக்குள் நுழைந்து ஒரு எருமையின் மடியைத் தொட்டுப் பார்த்தார். அண்ணி தவிட்டுக் கையோடு எழுந்து வந்தாள்.

"இன்னா பாக்குற?"

"வெலைக்குன்னாங்களே..."

"எவன் சொன்னது? எர்ம என்துது. என்னாண்ட ஒரு வார்த்த கேக்காம நீங்களே வெல பேசிக்கினு கீறீங்களா?" அவரிடம் கேட்டாலும் பார்வை என்மேல்தான் இருந்தது.

தரகர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அண்ணி என் பக்கம் திரும்பினாள்.

"உனுக்கு நாத்தம் தாங்கலன்னா நீ வேற வூடு பாத்துக்கினு போம்மே. இதுங்க எங்கியும் போவாது."

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மதியம் மூன்று மணி வரை வெயில் கொளுத்தியது. புரட்டாசி மாதம் அப்படித்தான். புயல் இல்லை, தாழ்வு நிலை இல்லை, செய்தியில் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஏரிக்கு மேலே மட்டும் வானம் கன்னங்கரேல் என்று எழும்பி நின்றது. பிறகு காற்று. பிறகு யார்டில் கிரேன் கைதவறிக் கண்டெய்னர்ப் பெட்டியைப் போட்டதுபோல் ஓர் இடி. கரண்ட் போனது. மழை தூறிவிட்டுப் பிடிக்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே ஊற்றியது. வாசலில் நின்றால் எதிர்வீடு தெரியவில்லை.

ஒரு மணி நேரம் அப்படிப் பெய்தது. அதுவரைக்கும் எனக்குப் பயமில்லை. தண்ணீர் வாசல் பக்கம் வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பின்பக்கமாக வந்தது.

ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக ஓர் ஓடையில் விழும். ஓடை எங்கள் கொல்லையை ஒட்டி ஓடி எண்ணூர் கழிமுகத்துப் பக்கம் இறங்கிப் போக வேண்டும். யார்டு கட்டியவர்கள் அந்த ஓடைக்குக் குறுக்கே மதில் எழுப்பி, அடியில் ஒரே ஒரு சிமெண்ட் குழாயைப் பதித்திருந்தார்கள். அந்தக் குழாய் அன்றைக்கு அடைத்துக்கொண்டது. போக வழியில்லாத தண்ணீர் திரும்பி எங்கள் மேல் வந்தது. சமையலறைக் கதவுக்கடியில் பழுப்பாக ஒரு நாக்கு நுழைந்ததைப் பார்த்தேன். அரிசி டிரம்மைக் கட்டில்மேல் ஏற்றுவதற்குள் கணுக்காலுக்கு வந்தது. சர்டிபிகேட் பையைப் பரணில் போட்டுவிட்டு இறங்கியபோது முழங்காலைத் தாண்டியிருந்தது. 

கணவரிடமிருந்து போன் வந்தது. "வூட்டப் பூட்டிக்கினு எதுர் வூட்டு மாடிக்குப் போய்டு," என்றார். அக்கா எங்கே என்று அவர் கேட்பதற்குள் லைன் அறுந்துவிட்டது.

வெளியே வந்தேன். எதிர்வீட்டு மாடியில் ஏழெட்டுப் பேர் நின்று கையை ஆட்டிக் கூப்பிட்டார்கள். பத்தே அடி. நான் அந்தப் பக்கம் கால் வைத்துவிட்டேன். அப்போது கொட்டகைப் பக்கமிருந்து எருமை கத்துவது கேட்டது. எருமை சாதாரணமாகக் கத்துவதில்லை, முனகும். இது வேறு சத்தம்.

பள்ளத்திலிருந்த கொட்டகையில் அண்ணி மார்பளவு தண்ணீரில் நின்று அரிவாளால் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தாள். நனைந்து இறுகிப்போனதால் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. நான்கு எருமைகளை விடுவித்துவிட்டாள். சினையாக இருந்ததும், மீஞ்சூரிலிருந்து வந்த கிழ எருமையும் இன்னும் கட்டுத்தறியில் இருந்தன. ஒரு கம்பம் சாய்ந்து, கூரை ஷீட் கிழ எருமையின் பின்னங்காலில் விழுந்து கிடந்தது.

மாடியிலிருந்து எதிர்வீட்டுக்காரர் கத்தினார். "ஏ தங்கச்சி, எர்ம போனா வேற வாங்கிக்கலாம். உசுரு போனா வருமா? மேல வா."

அண்ணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதுங்களுக்கும் உசுரு தாண்ணா கீது," என்று மட்டும் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் எதற்கு அங்கே வந்து நிற்கிறேன் என்று அவளுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. அரிவாளை நீட்டினாள்.

"நீ அறு. நான் தலையப் புடிச்சிக்கிறேன்."

அதுவரைக்கும் நான் ஓர் எருமையைக்கூடத் தொட்டதில்லை. தண்ணீருக்குள் கையை விட்டுக் கயிற்றைத் தேடி, கண்ணால் பார்க்காமலே அறுத்தேன். என் விரலிலும் ஒரு வெட்டு விழுந்தது. அது பிறகுதான் தெரிந்தது. ஷீட்டை இரண்டு பேருமாகத் தூக்கித் தள்ளினோம்.

"எனக்கு நீச்சல் தெரியாது அண்ணி," என்றேன். கடலுக்குப் பக்கத்தில் பிறந்தவள் இதைச் சொல்கிறேன். எங்கள் குப்பத்தில் பையன்களுக்குத்தான் நீச்சல்.

"சென எர்ம கயுத்தக் கட்டிக்கோ. கால தரைய வுட்டு எடுத்துடு. அது உன்ன இஸ்துக்கினு போவும். வுட்டுடாத."

சந்து முழுக்கத் தண்ணீர் இழுத்தது. எருமையின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அதன் தோல் கதகதப்பாக இருந்தது. மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல், நேராக லாரி ரோட்டைப் பார்த்து நீந்தியது. அதன் மூச்சு என் காதில் அடித்துக்கொண்டே இருந்தது. என் கால் தார் ரோட்டைத் தொட்டபோது நான் அழுதுகொண்டிருந்தேன். மழையில் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

ரோட்டில் கணுக்கால் தண்ணீர், ஏறிக்கொண்டும் இருந்தது. டிரெய்லர்கள் வரிசையாக நின்றன. மாடியில்லாத வீட்டுக்காரர்கள் இருபது பேருக்குமேல் மூட்டையும் முடிச்சுமாக அங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே மேடான இடம் யார்டு மட்டும்தான். அதன் பெரிய கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் எர்ணாவூர் குடியிருப்பிலிருந்து வருகிறவர், எங்கள் எல்லோருக்கும் தெரிந்தவர். கம்பிக்கு அந்தப் பக்கம் குடையோடு நின்றார்.

"மேனேஜர் போன எடுக்க மாட்டேங்கிறாரு யக்கா. ஆளுங்க வேணா உள்ள வாங்க, ஷெட்டாண்ட நின்னுக்குங்க. என் வேல போனாலும் பரவால்ல. மாட்ட மட்டும் இட்டாராத."

கேட்டில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தார். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அண்ணி போகவில்லை. ஆறு எருமைகளும் அவளைச் சுற்றி நின்றன. கிழ எருமை ஒரு காலைத் தூக்கியபடி நின்றது.

"வா யக்கா," என்றார் வாட்ச்மேன்.

"நீ பூட்டிக்கோ. நான் இங்கியே நிக்கிறேன்."

மின்னல் வெட்டிய வெளிச்சத்தில் இரும்புக் கேட் முழுக்க வெள்ளையாகத் தெரிந்து மறைந்தது. எனக்கு அப்போது கோபம் வந்தது. காலையில் அண்ணிமேல் இருந்த கோபமல்ல. எங்கள் ஓடையை அடைத்து மேடாக்கிய இடத்தில் எங்களுக்கே ஆள் வேறு மாடு வேறு என்று கணக்கு. அதையும் அந்த மனிதர் குடைக்கடியில் நின்று கெஞ்சிக்கொண்டு சொல்ல வேண்டியிருந்தது.

அந்த யார்டை எனக்குத் தெரியும். காகிதம் கொடுக்க எத்தனையோ முறை போயிருக்கிறேன். சரக்கு வண்டி போவது பெரிய கேட் வழியாக. காலிப் பெட்டி ஏற்றிவரும் வண்டிக்கு வடக்குப் பக்கம் வேறு வாசல். அங்கே கதவு கிடையாது, குறுக்கே ஒரு கம்பி மட்டும். கம்பியின் ஒரு முனையில் கல் கட்டியிருக்கும். கல்லை அமுக்கினால் கம்பி எழும்பும்.

"அண்ணி, என் பின்னால ஓட்டிக்கிட்டு வாங்க," என்றேன்.

ஏன் எங்கே என்று அவள் கேட்கவில்லை. மதிலை ஒட்டி நடந்தோம். அந்த வாசலில் யாரும் இல்லை. 'அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது' என்று பலகை இருந்தது. படித்தேன். படித்துவிட்டுக் கல்லை இரண்டு கையாலும் அமுக்கினேன். கம்பி மேலே போனது. ஆறு எருமைகளும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போயின, கடைசியாக அண்ணி. கல்லை விட்டுவிட்டு நானும் போனேன்.

உள்ளே கான்கிரீட் தரை. அடுக்கடுக்காகப் பெட்டிகள், நடுவில் காற்று வராத சந்துகள். எருமைகள் அங்கே போய் நின்று, பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்தவைபோல் அசைபோடத் தொடங்கின. மற்றவர்களும் ஷெட்டிலிருந்து அந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். அண்ணி வாட்ச்மேனிடம் ஒரு வாளி கேட்டாள். பால் கறக்கும் நேரம் தாண்டிவிட்டதாம், மடி கனத்துக்கொள்ளுமாம். அந்த இடி மழையில், துருப்பிடித்த பெட்டிகளுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கறந்தாள். வாட்ச்மேன் அறையில் ஒரு சின்ன ஸ்டவ் இருந்தது. பாலைக் காய்ச்சி இருந்த நாலு டம்ளரையும் சுற்றிச் சுற்றிக் கொடுத்து எல்லோரும் குடித்தோம். வாட்ச்மேனும் குடித்தார்.

இருட்டுவதற்குள் மேனேஜர் ஜீப்பில் வந்து சேர்ந்தார். நாற்பது வயதுக்காரர், முழுக்க நனைந்திருந்தார். எருமைகளைப் பார்த்ததும் கையை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினார்.

"யார் உள்ள விட்டது?"

வாட்ச்மேன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நான்தான் சார். கம்பியை நான்தான் தூக்கினேன்."

"இது கஸ்டம்ஸ் ஏரியா. உள்ள வந்தா கிரிமினல் கேஸ், தெரியுமா?"

"கஸ்டம்ஸ் ஏரியா அந்த வேலிக்கு அந்தப் பக்கம் சார். இது காலிப் பெட்டி நிக்கிற இடம். சீல் போட்ட பெட்டி இங்க ஒண்ணுகூட இல்ல. தினமும் நான் போடற பேப்பர்தான் இது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தலையிலிருந்து சேறு வழிய நின்றிருந்தேன். கையில் அண்ணியின் முந்தானைக் கிழிசலைச் சுற்றியிருந்தேன். "எந்த ஆபீஸ் நீங்க?"

சொன்னேன். "ஓனர் நம்பரும் குடுக்கட்டுமா?" என்றேன்.

அவர் அலுவலகத்துக்குள் போய்விட்டார். அண்ணி என்னைப் பார்த்தாள். "நல்லாத்தான் பேசுற," என்றாள்.

மறுநாள் விடிந்தபோது மழை துளிகூட இல்லை. ஆனால் எங்கள் வீடுகளில் தண்ணீர் நின்ற இடத்திலேயே நின்றது. மதிலுக்கு அடியிலிருந்த குழாயைப் பார்க்க ஐந்தாறு பேர் இறங்கிப் போனோம். கையை விட்டால் முதலில் நைலான் பட்டை வந்தது. பிறகு பெட்டிக்குள் சரக்குக்கு முட்டுக் கொடுக்கும் மரக்கட்டைகள். பிறகு நீலத் தார்ப்பாய், கஜக்கணக்கில். எதுவும் எங்கள் வீட்டுச் சாமான் இல்லை. இரண்டு மணி நேரம் இழுத்தோம். கடைசிக் கட்டையை உருவியதும் தண்ணீர் சுழித்துக் குழாய்க்குள் பாய்ந்த சத்தம், என் அண்ணன்மார் படகை அலையில் இறக்கும்போது கேட்குமே, அதுபோல் இருந்தது.

எடுத்ததைக் கரையில் போட்டுவிட்டுப் போகலாம் என்றார் எதிர்வீட்டுக்காரர். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்க பொருளு. அவங்களாண்டதான் போவணும்," என்று ஒரு தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். எல்லோரும் ஆளுக்கொன்றாகத் தூக்கிப்போய் மேனேஜர் அறை வாசலில் குவித்தோம். அவர் ஜன்னலிலிருந்து பார்த்தார், வெளியே வரவில்லை. மதியத்துக்குள் எங்கள் வீட்டுத் தரை தெரிந்தது.

கிழ எருமை எழுந்திருக்கவில்லை. கால்நடை டாக்டர் வந்து பார்த்தார். இடுப்பெலும்பு போய்விட்டது என்றார். மூன்றாம் நாள் செத்தது. அண்ணி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பக்கத்தில் உட்காரலாமா என்று தயங்கினேன். நகர்ந்து இடம் கொடுத்தாள்.

அதே வாரத்தில் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. அத்துமீறி நுழைந்தது, சொத்துக்குச் சேதம் என்று எங்கள் இருவர் மேலும் யார்டுக்காரர்கள் புகார் கொடுத்திருந்தார்கள். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் வாபஸ் வாங்குவார்களாம்.

"ஒரு பேப்பர்ல சாரின்னு எய்திக் குடுத்தா முடிஞ்சிது," என்றார் என் கணவர். "நாள பின்ன அவங்களாண்டயே வேலைக்கு நிக்கணும். இன்னாத்துக்கு பேஜாரு?"

அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமலில்லை. எங்கள் சோறும் அந்தப் பெட்டிகளில்தான் இருக்கிறது. நானே அலுவலகத்தில் அந்தக் கடிதத்தை மூன்று வரியில் தட்டச்சு செய்து எடுத்துவந்து அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். முதல் வரியிலேயே நிறுத்தினாள்.

"இன்னா அது, அனுமதியின்றியா?"

"ஆமா அண்ணி."

"தண்ணி எங்க வூட்டுக்குள்ள வந்துச்சே, அது யாராண்ட அனுமதி வாங்கிக்கினு வந்துச்சு? அத்த எய்துனியா?"

எழுதவில்லை. மறுநாள் அலுவலகத்தில் அந்த மூன்று வரியையும் அழித்துவிட்டு வேறு எழுதினேன். ஓடை எங்கே போனது, மதில் எங்கே வந்தது, குழாய் எத்தனை அகலம், அதற்குள்ளிருந்து என்னென்ன எடுத்தோம், எந்தக் கம்பியை யார் எதற்காகத் தூக்கினார்கள். இரண்டு பக்கம் வந்தது. அண்ணி கையெழுத்துப் போட்டாள், நான் போட்டேன், பிறகு எதிர்வீட்டுக்காரர் தானாகவே வந்து போட்டார். இருபத்திரண்டு கையெழுத்து சேர்ந்தது.

இன்ஸ்பெக்டர் முழுவதையும் படித்தார். "மன்னிப்புக் கேக்கச் சொன்னா கம்ப்ளெய்ன்ட் குடுக்கறீங்களேம்மா?"

"ஆமா சார்," என்றேன். "வாங்கினதுக்கு ரசீது வேணும்."

ரசீது கொடுத்தார். அவர்கள் புகாரும் அப்படியே இருக்கிறது, எங்களுடையதும் அப்படியே இருக்கிறது. இரண்டுக்காகவும் நான்கு முறை போய் நின்றோம். என் முதலாளி என்னைக் கூப்பிட்டு, இனி அந்த யார்டுப் பக்கம் வேறு ஆள் போகட்டும் என்றார். சரி என்றேன். சர்வேயர் ஒருநாள் சங்கிலியோடு வந்து அளந்துவிட்டுப் போனார். குழாய் வாயில் கம்பிவலை போட்டார்கள். பெரிய குழாய் வைக்கவில்லை. ஆனால் காலிப் பெட்டி வாசலில் ஆளுயரத்துக்கு இரும்புக் கேட் மட்டும் ஒரே வாரத்தில் வந்தது.

எருமை விற்கிற பேச்சை நான் எடுப்பதில்லை. வாசனை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், அப்படியேதான் இருக்கிறது. ரயிலில் யாராவது மூக்கைச் சுருக்கினால், வீட்டில் எருமை இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் மறுபடியும் அப்படி ஒரு சாயங்கால மழை. இந்த முறை கொல்லையில் தண்ணீர் கணுக்காலைத் தொட்டதுமே அவிழ்த்துவிட்டோம். புது கேட்டுக்குள் புது வாட்ச்மேன். திறக்க மாட்டேன் என்றார். அண்ணி திரும்பி நடந்தாள். எருமைகளை லாரி ரோட்டுக்குக் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நிறுத்தினாள். ஒரு முனையில் அவள், மறு முனையில் நான். இரண்டு பக்கமும் டிரெய்லர்கள் நின்றன. ஹாரன் அடித்தார்கள். எருமைகள் ஹாரனுக்கு அசைவதில்லை. ஓர் ஓட்டுநர் இறங்கி வந்து விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு வாட்ச்மேனிடம் போய், "தொறந்து வுடு நைனா, நாங்க எப்ப போறது," என்றார். போன்கள் பறந்தன. பத்து நிமிஷத்தில் கேட் திறந்தது.

மேனேஜரும் புதியவர். குடையோடு ஓடிவந்து, எத்தனை நேரம் இருப்பீர்கள் என்று கேட்டார்.

"தண்ணி வடியற வரைக்கும்," என்றாள் அண்ணி. பிறகு அவரிடம் ஒரு வாளி கேட்டாள்.